மருந்து கட்டுவதற்கு முன்: தாதியம் பயிலத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குக் காலில் புண் வந்தால், "ஆஸ்பத்திரியிலை மருந்து கட்டுறன்" என்றுதான் சொல்வார். பேச்சில் ஊறிப்போன இந்தச் சொல், தாதியத்துக்குப் புதிதாக வருகின்ற பிள்ளைகளின் மனத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் விதைத்துவிடுகிறது: புண்ணை ஆற்றுவது மருந்து, அதைக் கட்டிவிடுவது தாதியின் வேலை என்பதே அந்த எண்ணம். உண்மையில் புண்ணை ஆற்றுவது நோயாளியின் உடல். அந்த உடல் தன் வேலையைச் செய்வதற்கு எவை தடையாக நிற்கின்றன என்று கண்டறிந்து விலக்குவதும், நம் கையால் புதிய தடையொன்று சேராமல் பார்த்துக்கொள்வதுமே தாதியின் வேலை. பாடத்திட்டம் முன்னதைக் காயப் பராமரிப்பு என்றும் பின்னதை நோயாளர் பாதுகாப்பு என்றும் பிரித்து வைத்திருக்கிறது. கட்டிலருகே நிற்கும்போது அந்தப் பிரிவு தெரிவதில்லை.

வேலியோரத்துப் பனையில் மட்டை வெட்டும்போது ஒருவரின் முன்கையைக் கருக்கு ஆழமாகக் கீறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களுக்குள் அறுபட்ட குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி வாயிலை அடைக்கின்றன. அதன்மேல் நார்வலை ஒன்று படர்ந்து குருதியை உறைய வைக்கிறது. அடுத்த மூன்று நான்கு நாட்களுக்கு அந்த இடம் சூடாகவும் வீங்கியும் நோவாகவும் இருக்கும். புதியவர்கள் இதைக் கண்டதும் கிருமி பற்றிவிட்டது என்று பயப்படுவார்கள். இது பெரும்பாலும் வெண்குருதிக் கலங்கள் அங்கே வந்து, உட்புகுந்த பற்றீரியாக்களையும் இறந்துபோன இழையத்தையும் தின்று துப்புரவாக்குகின்ற காலம். துப்புரவு முடியாமல் கட்டுமானம் தொடங்க முடியாது. ஏறத்தாழ நான்காம் நாளிலிருந்து காயத்தின் அடித்தளத்தில் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன, அவற்றைச் சுற்றிக் கொலாஜன் என்னும் புரத நார்கள் பின்னப்படுகின்றன. மாதுளம் முத்துக்களை நெருக்கி அடுக்கியது போல ஈரமாகவும் சிவப்பாகவும் மணிமணியாகவும் தெரிகின்ற அந்தப் புதுச்சதையைக் கண்டால் தாதி மகிழ வேண்டும், ஏனென்றால் காயம் சரியான வழியில் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பான மென்தோல் உள்நோக்கி ஊர்ந்து அதை மூடுகிறது. தோல் மூடிய பின்னும் உள்ளே வேலை ஓய்வதில்லை. நார்கள் மறுபடி மறுபடி அடுக்கப்பட்டு இறுகுவதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். அப்போதுங்கூட அந்தத் தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 வீதத்தைத்தான் எட்டும். ஆகவேதான் ஆறிய படுக்கைப் புண் அதே இடத்தில் மிக எளிதாகத் திரும்ப வருகிறது.

கருக்கு வெட்டோ துருப்பிடித்த ஆணியோ எதுவானாலும், ஏற்பூசி (ரெற்றனஸ் எனப்படும் ஏற்புவலிக்கு எதிரான தடுப்பூசி) கடைசியாக எப்போது போடப்பட்டது என்று கேட்டுக் குறிப்பது முதல் வேலைகளுள் ஒன்று. ஏற்புவலிக் கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் நெடுங்காலம் உயிரோடு இருப்பவை.

"புண்ணைக் காயவிட வேணும்" என்பது நம்மூரில் எல்லோரும் சொல்லும் பேச்சு. 1962 இல் ஜோர்ஜ் வின்ரர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான காயங்களிற் சிலவற்றைத் திறந்து காயவிட்டும் சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடி ஈரமாக வைத்தும் பார்த்தார். மூடி வைத்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்திருந்தது. காரணம் எளிமையானது: புதிய தோற்கலங்கள் ஈரமான பரப்பில்தான் வழுக்கி நகர முடியும், பொருக்கு கட்டிவிட்டால் அதற்கு அடியிலே துளைத்துக்கொண்டு போகவேண்டியதால் அவை களைத்துத் தாமதிக்கின்றன. ஆனால் ஈரம் என்றால் நனைந்து ஊறுவது அன்று. நெடுநேரம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தவரின் விரல்நுனி போலக் காயத்தின் ஓரத்தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால், வடிகின்ற நீரை அந்தக் கட்டு தாங்கவில்லை என்று பொருள். அதை மாற்ற வேண்டும், அல்லது கூடுதலாக உறிஞ்சும் வேறொன்றைத் தெரிவு செய்ய வேண்டும். இதற்கு ஒரு முக்கியமான விலக்கும் உண்டு. குருதியோட்டம் இல்லாமற் கறுத்துக் காய்ந்துபோன கால்விரலை வைத்தியரின் கட்டளையின்றி ஒருபோதும் ஈரமாக்கக் கூடாது. அந்தக் காய்ந்த நிலைதான் கிருமியை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

காயத்தைக் கழுவுவதற்குப் பெரும்பாலும் 0.9 வீத உப்புக் கரைசலே போதும், அதாவது ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்பு. உடற்கலங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தைச் சமமாக வைத்திருப்பதால் அது புதுச்சதையை நோகடிப்பதில்லை. ஐதரசன் பேரொட்சைட்டு நுரைத்துப் பொங்கும்போது அழுக்கெல்லாம் வெளியேறுவது போலத் தோன்றும். ஆனால் அதுவும் ஸ்பிரிட்டும் கிருமியைக் கொல்லும் அதே வேகத்தில் அப்போதுதான் முளைத்த கலங்களையும் கொன்றுவிடுகின்றன. வீடுகளில் கோப்பித்தூள், மஞ்சள், திருநீறு, தீக்காயத்துக்குப் பற்பசை, இவை தவிர அன்ரிபயோட்டிக் குளிசையை உடைத்துத் தூவுவது என்று பலவும் நடக்கின்றன. தூவிய ஆச்சியை நோயாளியின் முன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் அன்போடும் அவசரத்தோடும் தன் கைக்கு எட்டியதைச் செய்தார். நீங்கள் சினந்தால் அடுத்த முறை அவர் மறைப்பார், அந்த மறைப்புத்தான் ஆபத்து. தூள்கள் காயத்தோடு ஒட்டிக் கட்டியாகி அடியில் கிருமிக்கு மறைவிடமாகிவிடுகின்றன என்பதையும், தீக்காயத்துக்கு முதற் சிகிச்சை 20 நிமிடம் ஓடுகின்ற குளிர்நீர்தான் என்பதையும் அமைதியாக விளக்கினால் அந்த ஆச்சியே அயலுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பார்.

இனிக் கட்டுப் பிரிக்கின்ற காட்சியைக் கிட்ட நின்று பார்ப்போம். நோ கூடிய காயமென்றால் அரை மணி நேரத்துக்கு முன்னரே நோக்குளிசை கொடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கின்ற நோயாளி அடுத்த நாள் வர மாட்டார். தேவையான எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே கைகளைக் கழுவ வேண்டும், இடையில் அலுமாரிக்குப் போய்க் கைபிடியைத் தொட்டால் கழுவியது வீண். சவர்க்காரமும் நீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, அற்ககோல் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கையுறை போட்டுவிட்டேன் என்பதற்காகக் கழுவாமல் விட முடியாது. வியன்னாவில் மகப்பேற்று விடுதியொன்றில் 1847 இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் சுண்ணாம்பு நீரில் கைகழுவ வைத்தபோது தாய்மாரின் இறப்பு எவ்வளவு விரைவாக வீழ்ந்தது என்பதை அறிந்தவர்கள் இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்க மாட்டார்கள்.

பழைய கட்டு ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. உப்புக் கரைசலால் நனைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்தால் அது தானாகக் கழன்று வரும். இழுத்தால், இரண்டு நாட்களாக உடல் பாடுபட்டு வளர்த்த செஞ்சதை துணியோடு பிய்ந்து வந்துவிடும். கழற்றிய கட்டை உடனே வாளிக்குள் போட்டுவிடுகின்ற பழக்கத்தையும் விட வேண்டும். அதில் எவ்வளவு நீர் ஊறியிருக்கிறது, மஞ்சளா பச்சையா, தடிப்பா தெளிவா, முந்தநாள் இல்லாத மணம் இன்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; காயம் கடந்த இரண்டு நாட்களின் கதையை அந்தத் துணியில் எழுதி வைத்திருக்கிறது. கழுவும்போது சுத்தமான பகுதியிலிருந்து அழுக்கான பகுதிக்குப் போக வேண்டும், ஒரு பஞ்சுக்கு ஒரு துடைப்பு மட்டுமே, துடைத்த பஞ்சு திரும்ப வரக் கூடாது. காயத்தைத் தொடப்போகும் கட்டின் பக்கத்தை விரலாலோ மேசை விளிம்பாலோ தொடாமல் இருப்பதுதான் கிருமி நீக்கிய முறையின் உயிர்நாடி. மற்ற விதிகளெல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காக வந்தவை. முடிந்ததும் எழுத வேண்டும். "பரவாயில்லை" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். நீளம் இத்தனை சென்ரிமீற்றர், அகலம் இத்தனை, ஆழம் இத்தனை, அடித்தளத்தின் நிறம், ஓரத்தின் நிலை, வடிகின்ற நீர், மணம், நோ என்று எழுதினால்தான் வரும் வாரம் இன்னொரு தாதி ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாம் படிக்கின்ற நூல்களிற் பெரும்பாலானவை வெண்தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கிருமித் தொற்று என்றால் சிவப்பு, படுக்கைப் புண்ணின் முதற்படி என்றால் விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு என்று அவை சொல்லும். கறுத்த தோலுள்ள ஒரு கமக்காரரின் நாரியில் அந்தச் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால், தோல் கிழிந்து சதை தெரிகின்ற வரைக்கும் நமக்கு ஒன்றுமே தெரியாது. அவருடைய தோலில் அந்த இடம் சுற்றியுள்ள பகுதியைவிடக் கூடுதலாகக் கறுத்தோ ஊதா படிந்தோ, எண்ணெய் பூசியது போல மினுங்கியோ தெரியலாம். கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்: பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, அல்லது குளிர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா, அல்லது பழுத்த பழம் போலத் தொளதொளத்திருக்கிறதா, தொடும்போது அவர் முகம் சுழிக்கிறாரா. நல்ல வெளிச்சம் வேண்டும். யன்னலோரமாகத் திருப்பிப் பார்ப்பது மங்கிய மின்விளக்கில் பார்ப்பதைவிட எப்போதும் மேல்.

படுக்கைப் புண் வராமல் தடுப்பது, வந்ததை ஆற்றுவதைவிடப் பலமடங்கு எளிது. பிள்ளைகள் வெளிநாட்டில், தாயோ தந்தையோ இங்கே படுக்கையில், பார்த்துக்கொள்ள ஒரு அயலவர் என்ற நிலை இன்று யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் உண்டு. ஆகையால் இந்தப் பகுதி தாதியருக்கு மட்டும் உரியதன்று. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் அகப்பட்ட தோலுக்குக் குருதி வருவதில்லை. நாரியின் கீழ்ப்பகுதி, குதிக்கால், இடுப்பின் இரு பக்க எலும்பு, முழங்கை, பின்னந்தலை ஆகிய இடங்களே முதலில் கெடுகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிவிடுவது பழைய நடைமுறை; நோயாளியின் தோலையும் மெத்தையையும் பொறுத்து இது மாறலாம். முழுதாகப் பக்கவாட்டில் கிடத்தினால் இடுப்பெலும்பு அழுந்தும் என்பதால் தலையணை ஒன்றை முதுகுக்குப் பின்னால் செருகி ஏறக்குறைய 30 பாகை சரித்துவிடுவது நல்லது. கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் அந்தரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். காற்றடித்த வளையத்தில் இருத்துவதும், நிறம் மாறிய இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் உதவி என்று நினைத்துச் செய்யப்படுகின்ற கெடுதல்கள். வளையம் சுற்றியுள்ள குருதியோட்டத்தை நெரிக்கிறது, தேய்த்தல் ஏற்கெனவே நலிந்த நுண்குழாய்களைக் கிழிக்கிறது.

நீரிழிவுக்காரரின் பாதம் தனியாகப் பேசப்பட வேண்டியது. சீனி நெடுங்காலம் கூடியிருக்கும்போது பாதத்து நரம்புகள் உணர்விழக்கின்றன. முள்ளுக் குத்தினாலும் தெரியாது, மணல் சுட்டாலும் தெரியாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் செருப்பைக் கழற்றிவிட்டு வீதி சுற்றுவோரும், வெயிலேறிய மணலில் பிரதட்டை செய்வோரும், அடியழிப்போரும் எத்தனை பேர். அவர்களுள் உணர்விழந்த பாதத்தோடு வருகின்ற ஒருவர் உள்ளங்காலில் கொப்புளத்தோடு வீடு திரும்பி, அதை நான்காம் நாள் காலுறையில் ஈரம் கண்டுதான் அறிவார். நேர்த்தியை விடுங்கள் என்று அவரிடம் சொல்வது நம் வேலையன்று. வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையில் போய்வரச் சொல்லலாம்; வீடு வந்ததும் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கச் சொல்லலாம்; கொப்புளம் கண்டால் ஊசியால் குத்தாமல் அன்றைக்கே வரச் சொல்லலாம். கிளினிக்கில் 10 கிராம் விசையில் வளையக்கூடிய நைலோன் இழையொன்றால் பாதத்தைத் தொட்டு, நோயாளி கண்ணை மூடியபடி அதை உணர்கிறாரா என்று பார்க்கின்ற சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். நோ இல்லை என்று அவர் சொல்வதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உணவைப் பற்றி ஒரு சொல். சத்திரசிகிச்சை முடிந்ததும் "கிரந்தி" என்று சொல்லி மீனையும் முட்டையையும் நண்டையும் விலக்கி, சோறும் இரசமுமாகப் பத்தியம் காக்கின்ற வீடுகள் பல. புதுச்சதை புரதத்தால் ஆனது. படுக்கைப் புண் உள்ளவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவைப்படலாம். சைவக்காரருக்குப் பயறு, கடலை, உழுந்து, தயிர் உண்டு. கொலாஜன் நெய்வதற்கான விற்றமின் சி நெல்லியிலும் கொய்யாவிலும் உண்டு. ஏதாவதொரு உணவு உண்மையில் ஒருவருக்கு ஒவ்வாமை தருமென்றால் அதை மட்டும் விலக்கலாம். சிறுநீரக நோயாளருக்குப் புரத அளவை வைத்தியரே முடிவு செய்வார்.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் வழுக்குகின்ற நிலமும் உயர்த்தாத கட்டிற் தடுப்பும்தான் புதியவர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. அவையும் உண்மையே. ஆனால் பெரிய ஆபத்து ஒரு மிகச் சிறிய கேள்வியில் இருக்கிறது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு வைத்தியசாலையில், ஒரே விடுதியில் இரண்டு கந்தசாமிகள் இருந்தார்கள். ஒருவருக்கு இன்சுலின். அவர் முதல்நாள் இரவு மின்விசிறிக்குக் கீழே என்று கேட்டுக் கட்டில் மாறியிருந்ததை நான் அறியவில்லை. பழைய கட்டிலருகே போய், "நீங்கள் கந்தசாமி ஐயாதானே?" என்று கேட்டேன். "ஓம் பிள்ளை" என்றார். ஊசியை எடுக்கும்போது பின்னால் நின்ற மூத்த தாதி என்னை விலக்கி அவரிடம், "ஐயா, உங்கட முழுப்பெயரையும் ஊரையும் சொல்லுங்கோ" என்றார். அவர் சொன்ன தந்தையின் பெயரும் ஊரும் என் கையிலிருந்த சீட்டில் இருந்தவை அல்ல. இன்சுலின் தேவையற்ற அந்த முதியவருக்கு அது ஏற்றப்பட்டிருந்தால் குருதியில் சீனி விழுந்து அவர் மயங்கியிருப்பார், அதற்கு மேலும் நடந்திருக்கலாம்.

நம் முதியவர்கள் வெள்ளை உடுப்பைக் கண்டால் மரியாதைக்காகவே "ஓம்" என்பார்கள். காது கேட்காதவர்களும் "ஓம்" என்பார்கள். என்ன கேட்டோம் என்று விளங்காதவர்களும் அதையே சொல்வார்கள். ஆகவே ஆம், இல்லை என்று விடை வருகின்ற எந்தக் கேள்வியாலும் ஆளை உறுதிப்படுத்தக் கூடாது. பெயரை அவர் வாயால் சொல்ல வேண்டும், இரண்டாவதாக ஒரு அடையாளம், பிறந்த திகதியோ பதிவு இலக்கமோ, பொருந்த வேண்டும். கட்டில் இலக்கம் அடையாளமே அன்று. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் மனனம் செய்கிறோம். அவற்றில் முதலாவது பிழைத்தால் மற்ற நான்கும் சரியாக இருந்து பயனில்லை. அளவை எழுதும்போது அலகு என்பதற்கு ஆங்கில 'யூ' எழுத்தைச் சுருக்கமாக எழுதாதீர்கள்; அவசரக் கையெழுத்தில் அது சுழியமாகி 10 அலகு 100 ஆகிவிடும் என்பது பல நாடுகளில் உயிர்ப்பலி கொடுத்துக் கற்ற பாடம்.

அன்றைய என் தவறை அந்த மூத்த தாதி மறைக்கவும் இல்லை, என்னை அவமானப்படுத்தவும் இல்லை. பதிவேட்டில் எழுத வைத்தார். அடுத்த நாள் அந்தக் கட்டில்களின் தலைமாட்டில் "ஒரே பெயர்" என்ற எச்சரிக்கைச் சீட்டு தொங்கியது. உலகில் சிகிச்சை பெறுவோரில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவர் அந்தச் சிகிச்சையின்போதே ஏதோவொரு தீங்குக்கு ஆளாகிறார், அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2019 முதல் செப்ரெம்பர் 17 ஆம் திகதியை நோயாளர் பாதுகாப்பு நாளாக அது கடைப்பிடித்து வருவதும் இதனாலேயே. தவறு செய்தவரைத் தேடித் தண்டிக்கின்ற விடுதியில் தவறுகள் குறைவதில்லை, வெளியே வராமல் புதைகின்றன.

கடைசியாக, வீட்டுக்கு அனுப்பும் நேரம். 1847 இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவப் பாடசாலையும் நடத்திய டாக்டர் சாமுவேல் கிறீன், இந்த மக்களுக்கு வைத்தியம் செய்யப்போகின்றவர்கள் இந்த மக்களின் மொழியிலேயே படிக்க வேண்டும் என்று கருதி, மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே கற்பித்தார். அத்தகைய மண்ணில் நின்றுகொண்டு, "வூண்ட் இன்பெக்ஷன் வந்தால் உடனே வாங்கோ" என்று ஒரு தாயிடம் சொல்லி அனுப்புவது பொருந்தாது. காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுகின்ற நோ, பரவிப் போகின்ற வீக்கம், சீழ், கெட்ட மணம் என்று அவருக்குத் தெரிந்த சொற்களில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு "விளங்கிச்சுதோ?" என்று கேட்கவும் கூடாது, அதற்கும் விடை "ஓம்" தான். அண்மையில் காலில் தையல் போட்ட ஒரு அம்மாவிடம், "வீட்டை போய் மகளுக்கு என்னெண்டு சொல்லுவியள் அம்மா?" என்று கேட்டோம். அவர் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிவந்து, கடைசியில் நிம்மதியோடு, "ஏழு நாளும் குளிசை முடிஞ்சால் புண் மாறிட்டுது, பிறகு இஞ்சை வரத் தேவையில்லை" என்றார். தையல் வெட்டுவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்து, தொடக்கத்திலிருந்து மறுபடி சொன்னோம்.